கொத்தனார் வீட்டுக்குள் இருக்கிற வாரம்: நாயுடுபுரத்திலிருந்து சில யோசனைகள்

சமையல் மேடையை உடைத்து மாற்றப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு ஆகும்?" ராத்திரி எங்கே படுப்பீர்கள், எங்கே குளிப்பீர்கள், காலையில் முதல் டீயை எந்த அடுப்பில் போடுவீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. செலவுக் கணக்கை மேஸ்திரி போட்டுக் கொடுத்துவிடுவார். இந்தக் கணக்கை வீட்டில் இருக்கிறவர்கள்தான் போட வேண்டும். அதுவும் முதல் சுத்தியல் விழுவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். அடி விழ ஆரம்பித்த பிறகு கரண்டி எங்கே என்று தேடத்தான் நேரம் இருக்கும்.

நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். மாமனாருக்கு எண்பதை நெருங்குகிற வயசு, சர்க்கரையும் உண்டு. பையன் பத்தாவது. இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டுதான் மேடையை உடைத்து, இரண்டு சுவரைக் கொத்திப் பூசி, தண்ணி லைனை மாற்றி, டைல்ஸ் ஒட்டினோம். கீழே மதுரையில் என் தங்கை வீட்டில் இதே வேலை நடந்தபோது அவளுக்குத் தூசி ஒன்றுதான் எதிரி. இங்கே தூசியோடு குளிரும் சேர்ந்து வரும். கதவு பகல் முழுக்கத் திறந்து கிடக்கும், சுவர் நனைந்து கிடக்கும், கால் ஜில்லிட்டுப் போகும். அதனால் மலையில் இருக்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது சூடும் காய்ந்த படுக்கையும். அது இரண்டும் இருந்தால் மற்றதைச் சிரித்துக்கொண்டே கடத்திவிடலாம்.

எந்த மாதம்

இதை நீட்டத் தேவையில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை, பூச்சு காயாது. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டம். மணல் வண்டி வத்தலக்குண்டு ரோட்டில் நின்றுகொண்டிருக்கும், கொத்தனாரும் ஏதாவது காட்டேஜ் வேலைக்குப் போயிருப்பார். பிப்ரவரியும் மார்ச்சும்தான் நமக்கு. ராத்திரி குளிரத்தான் செய்யும், ஆனால் பகலில் நல்ல வெயில் அடிக்கும்.

டைல்ஸ் கீழே இருந்து வாங்குகிறவர்கள் ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றிக்கொள்ளுங்கள். நான்கு டைல்ஸ் குறைந்துபோய், அதே பேட்ச் தேடி மலை இறங்கி ஏறுகிற அலைச்சல் இருக்கிறதே, அதைவிடப் பெரிய சங்கடம் இந்த வாரத்தில் வராது. திண்டுக்கல், மதுரையிலிருந்து ஆசாரியோ டைல்ஸ்காரரோ சொந்த வண்டியில் வருகிறார் என்றால் மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுத்தாச்சா என்று முந்தின ராத்திரியே கேட்டுவிடுங்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது நடைமுறையில் இருக்கிறது. செக்போஸ்டில் அவர் நின்றுகொண்டு போன் அடித்தால், இங்கே அடுப்பை வெளியே தூக்கி வைத்துவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு அறையைக் காப்பாற்றுங்கள்

எல்லா அறையையும் கொஞ்சம் கொஞ்சம் மூடி வைக்கலாம் என்று நினைத்தால் எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் சிமெண்டு இருக்கும். அதைவிட ஒரே ஒரு அறையைக் கோட்டை மாதிரி வைத்துக்கொள்வது மேல். எங்கள் வீட்டில் அது என் தையல் அறை. கல்யாண வீட்டு பிளவுஸ் கிடக்கிற இடத்தில் சிமெண்டுத் தூசி விழுந்தால் என் பிழைப்பு போய்விடும், அதனால் அந்த அறையைக் காக்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. நாலு பேருக்கான படுக்கை, கம்பளி, துணி, மருந்து, பையனின் புத்தகம் எல்லாம் அங்கேதான் போனது.

அந்த அறைக் கதவின் அடி இடுக்குக்கு ஒரு துணிப் பாம்பு தைத்துக்கொள்ளுங்கள். கதவு மூன்று அடி அகலம் என்றால் நாற்பது அங்குல நீளம், பன்னிரண்டு அங்குல அகலத்தில் கெட்டியான துணி போதும். பழைய ஜீன்ஸ், சோபா துணி எதுவானாலும் சரி. நீளவாக்கில் மடித்துத் தைத்தால் குழாய் மாதிரி வரும். ஒரு முனையைத் தைத்து மூடிவிட்டு உள்ளே வெட்டுத்துணியை இறுக்கித் திணியுங்கள். திணிப்பது தளர்வாக இருந்தால் நடுவில் மடிந்து இடுக்கு தெரியும். மறு முனையையும் மூடிக் கதவடியில் ஒட்டப் போட்டால், தூசியும் வராது, ராத்திரி கால்பக்கம் வருகிற குளிர்காற்றும் வராது. தையல் மிஷின் இல்லாதவர்கள் பழைய பேண்டின் ஒரு காலை வெட்டி இரண்டு முனையிலும் கயிறு கட்டிவிடுங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

வாசலில் தடிமனான பாலிதீன் ஷீட்டை மேலும் பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ஓரம் மட்டும் ஒட்டாமல் விட்டு அதன் வழியே போய் வாருங்கள். ஈரப் புடவை தொங்கவிடுவது நம் ஊர் வழக்கம், மதுரையில் சரி. இங்கே அந்த ஈரம் அறைக்குள் இறங்கிப் படுக்கையை நமுத்துப்போகச் செய்துவிடும்.

அடுத்தது செருப்பு. அறைக்குள் போட ஒரு ஜோடி, வெளியே போட ஒரு ஜோடி, நிலைப்படிதான் எல்லை. இதை மட்டும் நான் ராணுவம் மாதிரி அமல்படுத்தினேன். என் வீட்டுக்காரர் முதல் நாள் முனகினார். இரண்டாம் நாள் ராத்திரி காலில் ஒரு மணல்கூட ஒட்டாமல் போர்வைக்குள் போனதும் முனகல் நின்றுவிட்டது.

தூசியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டைல்ஸ், செங்கல், கான்கிரீட் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி தரையில் படிந்துவிடும், துடைத்துவிடலாம். நெஞ்சுக்குள் இறங்குவது தெரியாத தூசி. நமக்கு ஒரு வாரத் தொல்லை; வருஷம் முழுக்க அதிலேயே நிற்கிற டைல்ஸ்காரருக்கு நுரையீரல் வியாதி. கட்டிங் மிஷினை வீட்டுக்குள் ஓட விடாதீர்கள். வெளியே வாசலில், தண்ணி விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் சேர்த்து என்-95 மாஸ்க் வாங்கி வையுங்கள், நீட்டினால் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம் துடைப்பத்தை எடுத்துப் பெருக்காதீர்கள், அப்படியே எழும்பிவிடும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டுவதாக இருந்தாலும் நனைத்துச் சுரண்டுவதே நல்லது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த சுவரில் என்ன இருக்கிறதோ யார் கண்டார்கள்? மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறவர்கள், மேடை வேலையோடு வேலையாக அதிலும் ஓட்டை போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் "வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

கால் சூடாக இருந்தால் தூக்கம் வரும்

மருந்துக் கடையில் கிடைக்கிற ரப்பர் வெந்நீர்ப் பை. இந்த வாரத்துக்காக நீங்கள் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவீர்கள் என்றால் அதை வாங்குங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடும், ஒழுகினால் தோலும் வெந்துவிடும். கொதி அடங்கிக் கொஞ்ச நேரம் போனதும், பையில் முக்கால் பங்குக்கும் குறைவாக ஊற்றி, பையைச் சாய்த்து உள்ளே இருக்கிற காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். காற்றோடு மூடினால் பை உப்பிக்கொண்டு உருளும், சூடும் நிற்காது. மேலே ஒரு பழைய பனியனைச் சுற்றிக் கட்டிப் படுக்கையின் கால்மாட்டில், படுப்பதற்கு அரை மணி முன்னால் வைத்துவிடுங்கள்.

மாமாவுக்கு மட்டும் வேறு விதம். சர்க்கரை இருக்கிறவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டாலும் தெரியாது. அவர் படுக்கையில் பையை முன்னாடியே வைத்துச் சூடேற்றிவிட்டு, அவர் படுக்கும்போது எடுத்துவிடுவேன். பிறகு கம்பளிச் சாக்ஸ், அவ்வளவுதான். "எடுத்துட்டியா? இப்பத்தானே சொகமா இருந்துச்சு" என்பார். "சொகம் மெத்தையில இருக்கு மாமா, நீங்க படுங்க" என்பேன். தினமும் இதே பேச்சு.

பஞ்சு மெத்தையைத் தரையில் நேராகப் போட வேண்டாம். கீழே கோரைப்பாய், அதற்கும் கீழே அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டால் தரைக் குளிர் ஏறாது. டைல்ஸ் வந்த அட்டைகளையே பயன்படுத்திக்கொள்ளலாம். பூச்சு நடக்கிற சுவருக்கு மறுபக்கம் படுக்கையைப் போடாதீர்கள். அந்தச் சுவர் இந்தப் பக்கமும் ஜில்லென்று இருக்கும்.

இனி சொல்வதைப் பயமுறுத்தல் என்று நினைத்தாலும் பரவாயில்லை. மூடிய அறைக்குள் கரி அடுப்போ, தீக்கங்குச் சட்டியோ வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும், எழுந்திருக்க முடியாது. குளிருக்குக் கங்கு வைத்துப் படுத்துச் செத்துப்போனார்கள் என்ற செய்தியை மலையில் இருக்கிற நாம் கேட்காமல் இல்லை. துணிப் பாம்பு, பாலிதீன் என்று இடுக்கெல்லாம் அடைத்த அறையில் இது இன்னும் மோசம். அதே காரணத்துக்காகத்தான் ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசரும் ஆபத்து. எலெக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் படுப்பதற்கு முன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடுங்கள்.

வராண்டா அடுப்பு

சமையலறையே இல்லாத வாரத்தில் சமையல் எங்கே என்பதுதான் பெரிய விஷயம். இண்டக்ஷன் அடுப்பைப் படுக்கை அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அதைப் போடக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பழைய வீட்டு வயரிங்கில் அந்தப் பக்கம் கட்டிங் மிஷினும் இந்தப் பக்கம் இண்டக்ஷனும் ஓடினால் ஃபியூஸ்தான் போகும். அதோடு, தாளிக்கிற வாசம் கம்பளியில் ஏறினால் அந்த வாரம் முழுக்கப் போகாது. எனக்கு இது சரிப்படவில்லை.

நான் கேஸ் அடுப்பைப் பின்பக்க வராண்டாவுக்குக் கொண்டுபோனேன். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், டியூப் யார் காலிலும் மாட்டக் கூடாது. பழைய மேஜை ஒன்றே போதும். காற்றுக்கு மறைப்பாக ஒரு பலகையைச் சுவரில் சாய்த்துக் கட்டினோம். அது இல்லாவிட்டால் இங்கே அடிக்கிற காற்றில் தீ ஒரு பக்கமாகவே எரியும், பாத்திரம் சூடேறாது. ராத்திரி ரெகுலேட்டரை மூட மறக்காதீர்கள்.

கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். புகை பறக்கக் கொதிக்கிறது, ஆனால் பருப்பு வேகாது, காரணம் இதுதான். வழக்கமான நாளில் நாம் பழகிக்கொண்டோம், வேலை நடக்கிற வாரத்தில் இது குறுக்கே வந்து நிற்கும். ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு, கடலை, ராஜ்மா என்று எதையும் எடுக்காதீர்கள். குக்கர்தான். அதிலும் கீழே வைக்கிறதைவிட ஒரு விசில் கூட. பருப்பைக் காலையிலேயே ஊறப்போட்டுவிட்டால் கேஸும் மிச்சம்.

இட்லி, தோசையை அந்த வாரம் மறந்துவிடுங்கள். நம் குளிருக்கு மாவு புளிக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். கிரைண்டரையும் துணியால் சுற்றி மூலையில் வைத்திருப்போம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் செய்து பாட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள். சுடுசாதத்தில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ள அப்பளத்தை நேராகத் தீயில் சுட்டால், சிமெண்டு மூட்டை நடுவே உட்கார்ந்து சாப்பிட்டாலும் ருசி குறையாது. அப்புறம் பூண்டு ரசம். நம் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கினது. அந்தப் பெருமை இருக்கட்டும். அது சின்னப் பல்லாக, காரமாக இருக்கும், நாலு பல் தட்டிப்போட்டாலே போதும். தூசி குடித்த தொண்டைக்கு அந்த ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பதைப் போல எதுவும் வராது.

ஃபிரிட்ஜை அணைத்து நகர்த்தியிருப்பதால் கெடாத இனிப்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் பழனி பஞ்சாமிர்தம். வாழைப்பழம், வெல்லம், பேரீச்சை, நெய், கற்கண்டு எல்லாம் ஒன்றாகிக் கிடக்கிற அந்த டப்பாவை நான் தையல் மிஷினுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். பிரட்டைத் தோசைக்கல்லில் வாட்டி, சூட்டோடு பஞ்சாமிர்தம் தடவி மடித்துக் கொடுத்தால், பரீட்சைக்குப் படிக்கிற பையன் கட்டிங் மிஷின் சத்தத்தைப் பற்றிப் பேசாமல் சாப்பிடுவான். கொடைக்கானலில் ஊர் சாக்லேட்டுக்குக் கடைக்குக் கடை போர்டு வைத்திருக்கிறார்கள். பிரட்டோடு பஞ்சாமிர்தம் விற்க யாருக்கும் இன்னும் தோன்றவில்லை.

டீ விஷயத்தில் பிளாஸ்க் இல்லாமல் ஆகாது. பிளம்பர் எப்போது வால்வை மூடுவார் என்று அவருக்கே தெரியாது. காலையில் வேலைக்காரர்கள் வருவதற்குள் ஒரு பெரிய பிளாஸ்க்கில் வெந்நீரும் இன்னொன்றில் டீயும் நிரப்பி, உங்கள் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது பிளாஸ்க்கைக் கொத்தனாருக்கும் கொடுக்கக் கூடாது. அவர்களுக்குத் தனியாகப் போட்டுக் கொடுங்கள். நம் டீ நமக்கு.

தண்ணி, குளியல், எண்ணெய்

தண்ணி லைனில் கை வைக்கிறார்கள் என்றால் முந்தின நாளே டிரம், அண்டா, வாளி எல்லாம் நிரப்பிவிடுங்கள். குடிக்கத் தனி, குளிக்கத் தனி, சாந்து குழைக்கத் தனி. மூன்றையும் ஒரே டிரம்மில் வைத்தால் சித்தாள் முதலில் எடுப்பது குடிதண்ணியைத்தான், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பக்கத்து வீட்டில் குளிக்க முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சோப்புத் தலையோடு போய் நின்று கேட்பதைவிட அது மரியாதை. "அக்கா, அடுத்த வாரம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உங்க வீட்டுலதான் குளியல்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு அவர்கள் வீட்டுப் பாவாடை, நைட்டி கிழிசலையெல்லாம் தைத்துக் கொடுத்தேன். குளித்த பிறகு அங்கேயே ஒரு காப்பியும் கிடைத்தது. வெறும் ஈரத்தலையோடு மேட்டில் ஏறி வராதீர்கள், மங்கி குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னி, மேலே ஒரு காட்டன் துணி கட்டிக்கொண்டால் தூசி மண்டையில் ஏறாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இங்கே அது வருஷத்தில் பெரும்பாலான நாள் கட்டிதான். குறுகிய வாய் பாட்டிலை வைத்துக்கொண்டு வேலை வாரத்தில் மல்லுக்கட்ட வேண்டாம், அகன்ற வாய் டப்பாவில் மாற்றிவிடுங்கள், விரலால் வழித்துக்கொள்ளலாம். சிமெண்டு காரத்தன்மை உள்ளது. கையில் பட்டால் தோல் வறண்டு வெடிக்கும், குளிரில் அது இன்னும் சீக்கிரம். சாயங்காலம் நிறையத் தண்ணியில் கழுவி, ஈரம் ஒற்றிவிட்டு, விரல் இடுக்கிலும் முழங்கையிலும் அந்த எண்ணெயைத் தேய்த்துக்கொள்ளுங்கள். வெடித்த விரலோடு பட்டு பிளவுஸ் தொட்டால் நூல் இழுக்கும், எனக்கு அது தொழில் நஷ்டம். உங்களுக்கு எரிச்சலாவது மிச்சமாகும்.

வேலைக்காரர்களோடு ஒரு வாரம்

மலையில் வேலை ஒன்பது மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. அந்த இரண்டு நேரமும் மிஷின் நிற்கும். வீட்டில் சத்தமே இல்லாத அந்தக் கால் மணி நேரத்தில் கணக்குப் பார்ப்பது, போன் பேசுவது என்று ஓடாதீர்கள். நீங்களும் வாசலில் வெயில் படுகிற இடத்தில் உட்காருங்கள். முதுகில் வெயில் படும்படி உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடிப்பதற்கு இணையான வைத்தியம் இந்த ஊரில் இல்லை. எங்கள் சித்தாள் அக்கா பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறைக்காரர். பூண்டு உரிக்காமலே தோலோடு நசுக்கிப் போட்டால் ரசம் தூக்கலாக இருக்கும் என்று சொன்னது அவர்தான்.

ஒரு சின்ன ரேடியோ வைத்துக்கொள்ளுங்கள். நம் கொடை பண்பலை 100.5 எப்படியும் எடுக்கும். செல்போனில் ஆளாளுக்கு ஒரு பாட்டு போட்டால் வீடு சந்தையாகிவிடும். ரேடியோ என்றால் எல்லாருக்கும் ஒரே பாட்டு. பழைய பாட்டு நேரத்தில் கரணை ஓசையே தாளத்துக்கு விழுவதைக் கவனித்திருக்கிறேன். மாமாவுக்கும் பொழுது போகும். வயசானவர்களுக்கு இந்த வாரத்தில் கஷ்டம் தூசியைவிட, உட்கார இடம் மாறிப்போனதுதான். அவர் வழக்கமாக உட்கார்கிற நாற்காலியை எங்கே நகர்த்தினாலும், அதே நாற்காலி, அதே போர்வை, பக்கத்தில் ரேடியோ என்று மூன்றும் சேர்ந்தே போகட்டும்.

மணல், ஜல்லி இறக்குவதற்காக கேட்டைத் திறந்து வைத்திருந்தால் இருட்டுவதற்குள் மூடிவிடுங்கள். காட்டுமாடு நம் தெருவில் நடப்பது புதிதில்லை, ஆனால் திறந்த காம்பவுண்டுக்குள் வராண்டா ஓரம் காய்கறிக் கழிவும் கிடந்தால் அது அழைப்பிதழ்தான். வந்துவிட்டால் டார்ச் அடிக்காமல், கத்தாமல், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அதுவாகப் போய்விடும்.

எங்கள் பின்வாசல் படிக்குக் கான்கிரீட் போட்டு ஈரச் சாக்கு போர்த்தியிருந்தோம். காலையில் பார்த்தால் சாக்கு ஒரு பக்கம் கிடக்கிறது, படியின் ஓரத்தில் பிளவுபட்ட குளம்பு ஒன்று, அரை அங்குல ஆழத்தில், அச்சு எடுத்த மாதிரி பதிந்திருக்கிறது. கொத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "காட்டுமாடு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்குக்கா, கொத்திட்டு மறுபடி பூசிரவா?" என்றார். மாமா நாற்காலியிலிருந்தே, "வேணாம்ப்பா, சாட்சிக் கையெழுத்து. இருக்கட்டும்" என்றார். இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணி தேங்கும், குருவி வந்து குடிக்கும். படியில் வழுக்காது என்று கொத்தனாரும் சமாதானம் சொல்லிவிட்டார்.

வீட்டை விட்டு வெளியே

எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேற முடியாது, யாராவது ஒருத்தர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள். என் முறை சாயங்காலம் வேலை முடிந்து அவர்கள் கை கழுவுகிற நேரம். நாயுடுபுரத்திலிருந்து குறிஞ்சி ஆண்டவர் கோயில் நடக்கிற தூரம்தான். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய கோயில் அது. வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். டூரிஸ்ட் வண்டிகள் எல்லாம் திரும்பிவிட்ட நேரம் என்பதால் சாமியைப் பார்ப்பதற்கு நெரிசல் இருக்காது. போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். "அக்கா, கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பூச்சு) என்ன கலரு?" என்று கேட்க ஆள் இல்லாத அந்த நேரம்தான் எனக்கு.

நடக்க முடிகிறவர்கள் விடிகாலையில் ஏரியைச் சுற்றலாம். ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். முழுக்கச் சுற்றத்தான் வேண்டும் என்று இல்லை. ஊரில் இருக்கிற நாம் ஏரியைப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கிரவுட் கலர் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மாதிரி முடிவுகளையெல்லாம் ஒரு தாளில் முன்னாடியே எழுதி, சமையலறை நிலையில் ஒட்டிவிடுங்கள்: குழாய் எந்த உயரம், பிளக் பாயிண்ட் எங்கே, கிரவுட் எந்த நிறம், குப்பை எங்கே கொட்டுவது. கேள்வி கேட்டு உங்களைத் தேடி வருவது பாதியாகக் குறையும். அடுத்த நாளுக்கான பாதி நிம்மதி அந்தத் தாளில் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு

கொத்தனார் கரணையைக் கழுவி எடுத்துக்கொண்டு போன அன்றைக்கே வீடு பழையபடி ஆகிவிடாது. பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நனைப்பு வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது பெரும்பாலும் கிடைக்கிற கலப்பு சிமெண்டுக்கு 10 நாள் என்று கான்கிரீட்டுக்குக் கணக்குச் சொல்கிறார்கள். குளிரில் சிமெண்டு இறுகுவதே மெதுவாகத்தான், அதனால் நாளைக் குறைக்காதீர்கள். அதுவரை காலையிலும் மத்தியானமும் நீங்கள்தான் தண்ணி அடிக்க வேண்டும். சாயங்காலம் அடித்தால் ராத்திரி வீடே ஜில்லிட்டுவிடும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்து, மேகம் இறங்குவதற்குள் சாத்திவிடுங்கள். படுக்கையை அவசரப்பட்டு வெளியே கொண்டுவர வேண்டாம். காப்பாற்றி வைத்த அறையிலேயே இன்னும் கொஞ்ச நாள் படுங்கள்.

அலமாரி, ஃபிரிட்ஜ் இவற்றைப் புதுச் சுவரோடு ஒட்டித் தள்ளாதீர்கள். உள்ளங்கை அகலமாவது விட்டு நிறுத்துங்கள். பின்னால் காற்று போகாவிட்டால் அடுத்த மழைக்குப் பூஞ்சை கறுப்பாகக் கிளம்பும், பிறகு அதைத் துடைக்கிற வேலை தனி.

பெயிண்டர் மட்டும் அவசரப்படுவார். புதுப் பூச்சுக்கு ஒரு மாதமாவது ஆறப்போட வேண்டும். அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "காஞ்சிருச்சுக்கா, நாளைக்கே பட்டி பார்த்துரலாம்" என்பார். உடனே தலையாட்டாதீர்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீனை வெட்டிச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். உள்பக்கம் நீர்முத்து கோத்திருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாலிதீனைப் பெயிண்டர் கண்ணில் படுகிற மாதிரி அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.